முல்லர்கள் எல்லாரும் உறவினர்களா?

கதிரியக்கத்தை அளக்கும் கருவி ஒன்று உங்கள் பௌதிகப் புத்தகத்தில் வரும். அதன் பெயர் கைகர்–முல்லர் எண்ணி. டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டறிந்து 1948இல் நோபல் பரிசு பெற்றவர் சுவிட்சர்லாந்துக்காரரான பால் முல்லர். எக்ஸ் கதிர் பட்டால் மரபணுக்கள் மாறும் என்று காட்டி 1946இல் அதே பரிசைப் பெற்ற அமெரிக்கர் ஹெர்மன் முல்லர். அதிக வெப்பநிலையிலும் மின்தடையை இழக்கும் பொருள்களைக் கண்டுபிடித்ததற்காக 1987இல் பரிசு வாங்கிய இருவரில் ஒருவர் அலெக்ஸ் முல்லர். இவர்களை விடுங்கள், ரிக் வேதத்தை ஆறு தொகுதிகளாக அச்சிட்ட மாக்ஸ் முல்லரை நம் நாட்டில் அறியாதவர் யார்?

“ஐயா, இவர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா?” என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தை எடுத்து முன்னால் போட்டுக்கொள்ளும் நமக்கு, தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் குடும்பப் பெயர் என்றாலே ஒரு வம்சம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் விடை ‘இல்லை’ என்பதே. ஏன் இல்லை என்று பார்க்கப் போனால், வரலாறு, மொழி, கணிதம், மரபியல் நான்கும் கைகோத்துக்கொண்டு வருகின்றன. பெயர்களை ஆராய்வது பொழுதுபோகாதவர்களின் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பெயரைத் தவறாகப் படித்ததால் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயரின் பொருள். ஜெர்மன் மொழியில் ‘முல்லர்’ என்றால் மாவு மில்காரர். அவ்வளவுதான். கைகர் என்றால் வயலின் வாசிப்பவர். ஆகவே அந்தக் கருவியின் பெயரைத் தமிழாக்கினால் ‘வயலின்காரர்–மாவு மில்காரர் எண்ணி’ என்று வரும்! பழைய ஜெர்மானியர் தானியத்தைக் கைத்திருகையில் அரைத்தார்கள். அந்தத் திருகைக்கு அவர்களுடைய மொழியில் வேறு சொல் இருந்தது. ஓடைத் தண்ணீரால் சக்கரம் சுழலும் பெரிய அரைவை ஆலையைக் கொண்டுவந்தவர்கள் ரோமானியர்கள். பொருளோடு பெயரும் வந்தது. லத்தீனில் ஆலைக்கு ‘மொலினா’, ஆலைக்காரருக்கு ‘மொலினாரியுஸ்’. அது ஜெர்மானியர் வாயில் புகுந்து ‘முலினாரி’ ஆகி, பிறகு ‘முல்னேரே’ ஆகி, கடைசியில் ‘முல்லர்’ என்று தேய்ந்தது. அசல் ஜெர்மன் பெயர் என்று எல்லாரும் நினைக்கும் பெயருக்குள் ஒரு லத்தீன் சொல் உட்கார்ந்திருக்கிறது.

தொடக்கத்தில் ஜெர்மானியருக்கும் ஒற்றைப் பெயர்தான். நகரங்கள் பெருகி, ஒரே தெருவில் நான்கு யோஹான்னெஸ்கள் வந்தபோது, ‘எந்த யோஹான்னெஸ்?’ என்ற கேள்வி எழுந்தது. சொத்துப் பத்திரம் எழுதவும் வரி வாங்கவும் அடையாளம் வேண்டியிருந்தது. 12ஆம் நூற்றாண்டு வாக்கில் மேற்கிலும் தெற்கிலும் உள்ள நகரங்களில் தொடங்கிய இந்தப் பழக்கம், மெல்ல மெல்ல வடக்கேயும் கிழக்கேயும் பரவியது. வட கடலோரத்தில் உள்ள கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் தந்தை பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கமே நெடுங்காலம் நீடித்தது. 1811இல் நெப்போலியனின் ஆணை வந்த பிறகுதான் அங்கே நிலையான குடும்பப் பெயர் கட்டாயமாயிற்று.

இப்போது இன்றைய நிலைமைக்கு வருவோம். ஜெர்மனியில் மிக அதிகமானோர் தாங்கும் குடும்பப் பெயர் முல்லர். நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர். அதாவது ஏழெட்டு லட்சம் பேர். சுவிட்சர்லாந்திலும் முதலிடம் இதற்கே. முல்லருக்கு அடுத்து வருபவர்கள் ஷ்மிட் (கொல்லர்), ஷ்னைடர் (தையற்காரர்), ஃபிஷர் (மீனவர்). அப்புறம் வேபர் (நெசவாளர்), மையர் (பண்ணை நிர்வாகி), வாக்னர் (வண்டி செய்பவர்), பெக்கர் (ரொட்டி சுடுபவர்), ஷூல்ஸ் (மணியக்காரர்) என்று பட்டியல் நீள்கிறது.

இந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை இருப்பதைக் கவனித்தீர்களா? அந்தக் காலத்து ஜெர்மனியில் பெரும்பாலான மக்கள் செய்த தொழில் விவசாயம். அப்படியானால் விவசாயி என்று பொருள்படும் ‘பௌவர்’ தானே முதலில் நிற்க வேண்டும்? அது முதல் பத்து இடங்களில்கூட இல்லை.

காரணம் எளிது. ஐம்பது விவசாயிகள் உள்ள ஊரில் ‘விவசாயி யோஹான்னெஸ்’ என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ‘மாவு மில் யோஹான்னெஸ்’ என்றால் உடனே தெரியும், ஏனென்றால் ஊருக்கு ஒரே மாவு மில்தான். ஊருக்குள் அரிதாக இருப்பதே அடையாளம் ஆகும். ஆனால் ஊருக்கு ஒருவர் என்றால் ஆயிரம் ஊர்களுக்கு ஆயிரம் பேர் ஆயிற்றே! உள்ளூரில் அரிதாக இருந்ததாலேயே அந்தப் பெயர் நாடு முழுவதும் மலிந்துபோயிற்று. கொல்லரின் கதையும் இதுதான். செய்தி அறிவியலில், எதிர்பார்க்காத ஒன்றுதான் அதிகச் செய்தியைத் தரும் என்று பின்னாளில் படிப்பீர்கள். அந்தக் கணக்கைக் கிராமத்து மக்கள் காகிதமும் பென்சிலும் இல்லாமலே போட்டுவிட்டார்கள்.

மாவு மில்காரர் ஊரில் சாதாரண ஆள் இல்லை. பல இடங்களில், சுற்றுவட்டாரத்து விவசாயிகள் தங்கள் தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்று கட்டாயம் இருந்தது. பக்கத்து ஊர் ஆலை நன்றாக இருந்தாலும் போக முடியாது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘சாக்சென்ஷ்பீகல்’ என்ற சட்டநூல், முதலில் வந்தவருக்கே முதலில் அரைக்க வேண்டும் என்று விதி எழுதி வைத்தது. வரிசையில் சண்டை நடக்காமலா விதி எழுதுவார்கள்? மூட்டையைக் கொடுத்துவிட்டு மாவு வாங்குபவருக்கு எடை குறைந்ததோ என்று எப்போதும் சந்தேகம். அரைப்பவர் கூலியாகத் தானியத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். எடுத்தது சரியான பங்குதானா என்று யார் கண்டார்? விளைவு, பல வட்டாரங்களில் மில்காரர் தொழில் மதிப்புக் குறைந்த தொழிலாகக் கருதப்பட்டது. அவருடைய பிள்ளைகளைக் கைவினைஞர் சங்கங்களில் சேர்க்க மறுத்தார்கள். நெசவாளர், நாவிதர், இடையர், மில்காரர் ஆகியோரின் பிள்ளைகளை விலக்கி வைக்கக் கூடாது என்று 1548இல் பேரரசின் ஒழுங்குமுறைச் சட்டமே சொல்லவேண்டி வந்தது. ஒரு காலத்தில் கேவலமாகச் சுட்டிய சொல் இன்று நாட்டின் முதல் பெயராக இருக்கிறது.

தொழில் பெயர் குடும்பப் பெயராக உறைந்த பிறகு, தொழிலுக்கும் பெயருக்கும் உள்ள கயிறு அறுந்துவிட்டது. மாக்ஸ் முல்லரின் தந்தை வில்ஹெல்ம் முல்லர் ஒரு கவிஞர். மாவு மில்காரரின் அழகு மகளைப் பற்றி அவர் எழுதிய கவிதைத் தொடருக்கு 1823இல் ஷூபர்ட் இசையமைத்தார். அதே ஆண்டில்தான் மாக்ஸ் முல்லர் பிறந்தார். வில்ஹெல்மின் தந்தை என்ன தொழில் செய்தார் தெரியுமா? தையல்! அதாவது முல்லர் என்ற பெயருடைய ஒரு ‘ஷ்னைடர்’. ஹெல்ம்ஹோல்ட்ஸ், விர்ச்சோ போன்ற மேதைகளுக்கு ஆசிரியராக இருந்த உடலியல் அறிஞர் யோஹான்னெஸ் முல்லர் செருப்புத் தைப்பவரின் மகன். மாக்ஸ் முல்லர் இங்கிலாந்தில் குடியேறியபோது, முல்லர் என்ற பெயர் மிகவும் மலிந்து கிடக்கிறது, தனியாகத் தெரியாது என்று கருதி, ‘மாக்ஸ்’ என்பதையும் குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்டார். அடையாளத்துக்காகப் பிறந்த பெயர் அடையாளமே தராத நிலைக்கு வந்துவிட்டது!

இனி எண்ணிக்கை விஷயம். ‘முல்லர் முதலிடம்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். யார் எண்ணினார்கள், எதை எண்ணினார்கள் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஜெர்மன் பெயர் ஆராய்ச்சியாளர்கள் பெரிதும் நம்பியது தொலைபேசிப் பட்டியலை. ஏழு தொகுதிகளாக வந்த ஜெர்மன் குடும்பப் பெயர் வரைபட நூலுக்கு 2005ஆம் ஆண்டுத் தொலைபேசி இணைப்புகளே ஆதாரம். ஆனால் ஒரு வீட்டுக்கு ஓர் இணைப்பு. அந்த வீட்டில் ஐந்து பேர் இருக்கலாம், ஒருவரும் இருக்கலாம். எல்லார் கையிலும் செல்பேசி வந்துவிட்ட பிறகு எடுக்கும் பட்டியலில் பெயரே போதுமான அளவு இருக்காது. ஆகவே நூற்றுக்கு ஒருவர் என்பதை மதிப்பீடு என்று கொள்ளுங்கள். தலையெண்ணிக் கணக்கு அல்ல.

இன்னொரு சிக்கல் எழுத்துக் கூட்டல். கொல்லரை ஷ்மிட் என்று எழுதுபவர்களில் மெய்யெழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுபவர்கள் உண்டு. தெற்கே ஷ்மீட், ரைன் நதிப் பக்கம் ஷ்மிட்ஸ். மையரை மாயர் என்பார்கள், மையெர் என்பார்கள்; எழுதும் முறை ஐந்தாறு. இவற்றைத் தனித்தனியாக எண்ணினால் முல்லர் முன்னே. எல்லாக் கொல்லர்களையும் ஒரே கூடையில் போட்டால் அவர்கள் முல்லரைப் பிடித்துவிடுகிறார்கள். எதை எதைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துத் தாண்டியும் விடலாம். அப்படியானால் முல்லர் கட்சிக்காரர்களும் வடக்கே உள்ள ‘மொல்லர்’, தெற்கே உள்ள ‘முல்னர்’, லத்தீனில் மாற்றிக்கொண்ட ‘மொலிட்டோர்’ எல்லாரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள்! 1450இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் ‘மொலிட்டோரிஸ்’ என்று பதிவு செய்துகொண்டு சேர்ந்த ஒரு சிறுவனை இன்று உலகம் ரெஜியோமொன்டானுஸ் என்ற வானியல் அறிஞராக அறியும். அவரும் ஒரு முல்லர்தான். அமெரிக்காவுக்குப் போன முல்லர்கள் பலர் ‘மில்லர்’ ஆனார்கள். அங்கே 2010ஆம் ஆண்டுக் கணக்கில் மில்லர் ஏழாம் இடத்தில் இருந்தது. அதில் ஆங்கிலேய மில்லர் எத்தனை, ஜெர்மன் முல்லர் எத்தனை என்று பெயரை மட்டும் பார்த்துப் பிரிக்க வழியில்லை. முதலிடம் என்பது இயற்கை தந்த உண்மை அல்ல. எண்ணுபவர் வகுத்துக்கொண்ட விதியையும் பொறுத்தது. பத்திரிகைகளில் வரும் ‘முதல் பத்து’ப் பட்டியல்கள் எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடு பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மலிந்த பெயர் ஏன் மலிந்துகொண்டே இருக்கிறது, அரிய பெயர் ஏன் மறைகிறது என்பதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. உங்கள் வகுப்பில் 40 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு தனிக் குடும்பப் பெயரின் மூலவர். இரண்டு நாணயங்களைச் சுண்டுங்கள். தலை விழுந்த எண்ணிக்கையே உங்கள் மகன்களின் எண்ணிக்கை. இரண்டும் பூ விழுந்தால் மகன் இல்லை. அந்தப் பெயர் அதோடு முடிந்தது. (பெயர் தந்தை வழியே மட்டும் போகிறது என்ற பழைய வழக்கத்தை வைத்துக்கொள்கிறோம்.) அடுத்த சுற்றில் ஒவ்வொரு மகனுக்காகவும் மறுபடி சுண்ட வேண்டும்.

சராசரியாக ஒருவருக்கு ஒரு மகன். ஆகவே மொத்த ஆட்களின் எண்ணிக்கை நாற்பதை ஒட்டியே நிற்கும். ஆனால் பெயர்கள்? முதல் சுற்றிலேயே நான்கில் ஒரு பங்கு போய்விடும். மூன்று தலைமுறை முடியும்போது நாற்பதில் ஏறத்தாழ 21 பெயர்தான் மிஞ்சும். பத்துத் தலைமுறைக்குப் பிறகு பத்துப் பெயர்! போன முப்பது பெயர்களும் மோசமான பெயர்கள் அல்ல. அந்தக் குடும்பங்களுக்கு நோயோ சாபமோ இல்லை. வெறும் வாய்ப்பு. இப்போது ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். 40 பேரில் பத்துப் பேருக்குத் தொடக்கத்திலேயே ஒரே பெயர், முல்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துத் தலைமுறைக்குள் அந்தப் பத்துக் கிளைகளும் ஒருசேரப் பட்டுப்போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான். தனி மூலவரின் பெயருக்கோ அந்த வாய்ப்பு நூற்றுக்கு 74. உண்மை ஜெர்மனியில் முல்லருக்குப் பத்து மூலவர்கள் அல்ல, ஆயிரக்கணக்கில். அந்தப் பெயர் எப்படி அழியும்?

இந்தக் கேள்வியை 1873இல் பொதுவில் வைத்தவர் இங்கிலாந்தின் ஃப்ரான்சிஸ் கால்டன். புகழ்பெற்ற குடும்பங்களின் பெயர்கள் மறைவதைப் பார்த்து, பெரிய மனிதர்களின் பரம்பரை பலவீனமாகிறது என்று சிலர் பேசினார்கள். அது உண்மையா, வாய்ப்பின் விளையாட்டா என்று அவர் அறிய விரும்பினார். வாட்சன் என்ற கணிதம் தெரிந்த பாதிரியார் விடை கண்டார். ஆனால் தம் சமன்பாட்டுக்கு இருந்த இரண்டு தீர்வுகளில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, மக்கள்தொகை பெருகினாலும் எல்லாப் பெயர்களும் என்றாவது அழிந்தே தீரும் என்று சொல்லிவிட்டார். இந்தப் பிழை திருத்தப்பட அரை நூற்றாண்டு ஆயிற்று. இரண்டாம் படிச் சமன்பாட்டில் ஒரு தீர்வோடு நிறுத்திக்கொள்ளும் மாணவர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்! இதே கணக்குதான் பிற்காலத்தில், யுரேனியத்துக்குள் நியூட்ரான்கள் பெருகுமா, அணைந்துவிடுமா என்று பார்க்கவும் பயன்பட்டது.

மரபியல் சாட்சியும் இருக்கிறது. ஆண்களின் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு, பெயரைப் போலவே, போகிறது. இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 40 குடும்பப் பெயர்களை எடுத்து ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். மிக அரிய பெயர்களைத் தாங்கியவர்களிடம் ஒரே வகைக் குரோமோசோம் அடிக்கடி தென்பட்டது. அவர்கள் ஒரு மூலவரின் வழிவந்தவர்களாக இருக்கலாம். கொல்லர் என்று பொருள்படும் ஸ்மித் பெயர்க்காரர்களிடமோ, தெருவில் போகிற யாரோ சிலரை நிறுத்திப் பரிசோதித்தது போன்ற கலவைதான் இருந்தது. முல்லர்களிடம் இதைவிட வேறாக எதிர்பார்க்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, குடும்பப் பெயரைச் சொன்னால் போதும், உங்கள் வம்சச் சின்னம் இதோ என்று சட்டம் போட்டு விற்கும் வியாபாரம் மேலைநாடுகளில் நடப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது. ஏழெட்டு லட்சம் பேருக்கு ஒரே குடும்பம் எங்கிருந்து வரும்? இது பணத்தோடு போகும் ஏமாற்று. சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு.

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், அரசு வேலையில் இருப்பவர்கள் தங்கள் தாத்தா பாட்டி யார் என்று மாதா கோவில் பதிவேடுகளைக் காட்டி நிரூபிக்க வேண்டியதாயிற்று. இரத்தம் தூயதாம், அதைக் காகிதத்தில் காட்ட வேண்டுமாம். ஆனால் யூதர்களிலும் பலர் மற்ற ஜெர்மானியரைப் போலவே பெயர் வைத்திருந்தார்கள். பிரஷ்யாவில் 1812இல் அவர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கட்டாயமாக்கப்பட்டபோது பலர் தொழில் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் எடுத்துக்கொண்டவர்கள். பெயரைப் பார்த்து ஆளைப் பிரிக்க முடியவில்லை. எனவே 1938 ஆகஸ்டில் ஓர் ஆணை வந்தது. அரசு வகுத்த பட்டியலில் உள்ள யூதப் பெயர் இல்லாத யூதர் ஒவ்வொருவரும், ஆணாயிருந்தால் ‘இஸ்ரேல்’ என்றும் பெண்ணாயிருந்தால் ‘சாரா’ என்றும் கூடுதல் பெயரை 1939 ஜனவரி முதல் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெயரிலேயே இனம் எழுதியிருக்கிறது என்பது உண்மையானால் இந்த ஆணைக்கு என்ன தேவை? தங்கள் கொள்கை பொய் என்பதற்குத் தாங்களே சாட்சி எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெயர்ப் பட்டியல்கள் பிறகு எதற்குப் பயன்பட்டன என்பதை வரலாற்று ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்று ஜெர்மனியில் மாவு மில்காரர் வேலைக்குப் பயிற்சி பெறுபவருக்குச் சான்றிதழில் ‘முல்லர்’ என்று எழுதுவதில்லை. ‘செயல்முறைத் தொழில்நுட்பர்’ என்று நீளமாக ஏதோ எழுதுகிறார்கள். தொழிலைவிட்டுப் போன பெயர் மனிதர்களிடம் மட்டும் நிற்கிறது. அங்கேயும் எப்படி நிற்கும் என்பதைச் சட்டம் மாற்றிக்கொண்டிருக்கிறது. கணவன் பெயரே குடும்பத்தின் பெயர் என்ற பழைய விதி போய், 1976 முதல் மனைவியின் பெயரையும் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆயிற்று. பின்னர் இருவரும் அவரவர் பெயரையே வைத்துக்கொள்ள இடம் கிடைத்தது. 2025 மே 1 முதல் தம்பதிகளும் குழந்தைகளும் இரண்டு பெயரையும் சேர்த்து இரட்டைப் பெயராகவே தாங்கலாம். நம் நாணய விளையாட்டின் விதி இனி அங்கே பொருந்தாது; புதிதாக எழுத வேண்டும். முல்லர் வீட்டுப் பெண்ணும் ஷ்மிட் வீட்டுப் பையனும் திருமணம் செய்துகொண்டு ‘முல்லர்–ஷ்மிட்’ என்று பதிவு செய்தால், அவர்களுடைய குழந்தையை அடுத்த ஆராய்ச்சியாளர் எந்தக் கூடையில் போட்டு எண்ணுவார்?